மஞ்சள் கடுதாசிக்கு முன்னால் எழுத வேண்டிய இரண்டு பட்டியல்கள்

சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் எட்டு விசைத்தறிகள் வைத்துத் தொழில் செய்து வந்தார். நூல் விலை ஏறியதாலும், பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) கொடுத்த வியாபாரிகள் கூலி பாக்கி வைத்ததாலும் தொழில் முடங்கிவிட்டது. தறிக்கொட்டகையை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கடன், மூன்று பேரிடம் புரோநோட்டுக் கடன், நகைக்கடன், உறவினர்களிடம் வாங்கிய கைமாற்று, ஏலச்சீட்டு பாக்கி என எல்லாம் சேர்ந்து திருப்பித் தர முடியாத நிலைக்கு வந்துவிட்டோம். புரோநோட்டுக்காரர் ஒருவர் டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கி, கைது செய்யக் கோரி மனுவும் போட்டிருக்கிறார். ‘ஐ.பி. (திவால் மனு) போட்டுவிடலாம், ஆனால் அதற்கு முன் வீட்டுப் பங்கை உன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்’ என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். ‘சொந்தக்காரர்கள் பெயரைக் கடன் பட்டியலில் எழுத வேண்டாம்’ என்கிறார் இன்னொருவர். மனு போட என்னென்ன ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும்? (ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளையும் இன்றே கைவிட்டுவிடுங்கள் என்ற வேண்டுகோளோடுதான் இந்தப் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. திவால் மனு என்பது கடன்காரர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள உதவும் ஆவணம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில், ஒருவர் தம்முடைய கடன் முழுவதையும் சொத்து முழுவதையும் மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைத்து, ‘இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, இதை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள்’ என்று ஒப்படைக்கும் மனு அது. எனவே கடன் பட்டியல், சொத்துப் பட்டியல் என்ற இரண்டின் நேர்மையில்தான் மனுவின் பலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சென்னை நகரத்துக்கு வெளியே வசிக்கும் தனிநபர்களுக்கு இன்றும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் (நொடிப்பு என்பது திவால்). உங்கள் கணவர் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடம் எந்தச் சார்பு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே மனு தாக்கல் செய்யப்படும். கடனைத் தீர்க்க இயலாதவராக இருப்பதோடு, மொத்தக் கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது பண டிகிரிக்காகக் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்தின் மீது ஜப்தி ஆணை நிலுவையில் இருக்க வேண்டும் என்பதே 10-ஆவது பிரிவு விதிக்கும் தகுதி. நூறாண்டுக்கு முந்தைய அந்த 500 ரூபாய் இன்றும் அப்படியே இருப்பதால், தகுதியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 13-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் சேகரிக்க வேண்டிய தாள்கள் அனைத்தும் அந்தப் பிரிவிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் கடன் பட்டியல். ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து, கடன் கொடுத்தவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண்ணோடு கூடிய முழு முகவரி, கடன் வாங்கிய தேதி, அசல், பேசிய வட்டி, இதுவரை கட்டிய தொகை, கடைசியாகக் கட்டிய தேதி, ஈடாக என்ன கொடுக்கப்பட்டது, யார் ஜாமீன் கையெழுத்துப் போட்டார் என ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். முகவரியில் அலட்சியம் கூடாது. மனு விசாரணைக்கு எடுக்கப்பட்டதும் ஒவ்வொரு கடன்காரருக்கும் நீதிமன்ற அறிவிப்பு போயாக வேண்டும், அது ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பி வந்தால் வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடிவிடும். கடைசியாகக் கட்டிய தேதியும் முக்கியமானது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்றாண்டுக் காலவரையறை இருப்பதால், காலங்கடந்த கடன் எதையேனும் எப்படிக் குறிப்பிடுவது என்பதை உங்கள் வழக்கறிஞர் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்குக் கணக்கு அறிக்கையையும் கடன் ஒப்பந்த நகலையும் எழுதிக் கேட்டு வாங்கலாம். எந்தக் கடனும் விடுபடாமல் இருக்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். இது ரிசர்வ் வங்கி 2017 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள உரிமை. சிக்கல் வருவது புரோநோட்டிலும் கைமாற்றிலும்தான். புரோநோட்டு கடன் கொடுத்தவர் கையில் இருக்கும், நம்மிடம் நகல்கூட இருக்காது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. அப்படியானால் உண்மையில் வாங்கிய தொகையை எழுதி, புரோநோட்டில் வேறு தொகை நிரப்பப்பட்டிருக்கக்கூடும் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். வட்டி கட்டிய கூகுள் பே, போன் பே பதிவுகளையும் வங்கிப் புத்தகப் பக்கங்களையும் எடுத்து வையுங்கள். கந்து வட்டியோ மீட்டர் வட்டியோ தண்டலோ இருந்தால், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டத்தின் கீழ் தனியாகப் புகார் செய்யும் உரிமை உண்டு. ஆனாலும் அந்த நபரின் பெயர் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

உறவினர்களின் கைமாற்றையும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் மனம் நோகும் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரை விட்டுவிட்டால், பகிர்ந்தளிக்கப்படும் தொகையில் அவர்களுக்குரிய பங்கு கிடைக்காமல் போகும் அபாயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, உறவினர்களுக்கு மட்டும் ரகசியமாகப் பணம் கொடுத்துத் தீர்ப்பது. ஒரு கடன்காரருக்கு மற்றவர்களைவிட முன்னுரிமை தரும் நோக்கத்தோடு பணம் கொடுத்த மூன்று மாதங்களுக்குள் மனு போடப்பட்டு, அதன்பேரில் நொடித்தவர் என்ற ஆணையும் வந்தால், 54-ஆவது பிரிவின்படி அந்தக் கொடுப்பனவு செல்லாததாகி, கொடுத்த பணத்தை ரிசீவர் (சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) திரும்பக் கேட்பார். உங்கள் மீது பாசம் வைத்துக் கடன் கொடுத்த அண்ணனோ அத்தையோ பிறகு நீதிமன்றப் படியேற வேண்டிய நிலையை நீங்களே உண்டாக்கிவிடாதீர்கள்.

அடுத்தது சொத்துப் பட்டியல். பாகம் பிரிக்கப்படாத பூர்வீக வீட்டில் உங்கள் கணவருக்கு உள்ள பங்கு, தறிக்கொட்டகை, தறிகள், நூல் இருப்பு, இருசக்கர வாகனம், வங்கிக் கணக்கில் உள்ள இருப்பு, கட்டிய சீட்டுத் தொகை என எதையும் விடாமல், அது எங்கே இருக்கிறது, இன்றைய நியாயமான மதிப்பு என்ன என்பதோடு எழுத வேண்டும். அசையாச் சொத்துக்குப் பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பெறலாம். பலரும் மறந்துவிடுவது, நமக்கு வர வேண்டிய பணம். கூலி பாக்கி வைத்த வியாபாரிகளின் பெயர், தொகை, அதற்கான பில், கணக்குப் புத்தகப் பக்கம் ஆகியவையும் சொத்துதான். மனு ஏற்கப்பட்டதும் 22-ஆவது பிரிவின்படி கணக்குப் புத்தகங்கள் அனைத்தையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், துண்டுச் சீட்டுகளாக இருந்தாலும் பாவு ரசீது, கூலிச் சீட்டு, மின்கட்டண ரசீது என எதையும் எறிந்துவிடாதீர்கள். முந்தைய மூன்றாண்டுகளில் தொழிலுக்குரிய கணக்கை முறையாக வைத்திராதவருக்கு, கடனிலிருந்து முழு விடுவிப்பை நீதிமன்றம் பின்னாளில் மறுக்க நேரிடும்.

பட்டியலில் எழுதுவதெல்லாம் கையை விட்டுப் போய்விடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு ஜப்தி செய்யக்கூடாது என்று விலக்கி வைத்தவை நொடிப்பிலும் உங்களிடமே இருக்கும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற ஆபரணம், கைவினைஞரின் தொழிற்கருவிகள், வருங்கால வைப்புநிதி, ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் கிடைக்கும் தொகை ஆகியவை அதில் அடங்கும். எட்டு விசைத்தறிகளைக் ‘கைவினைஞரின் கருவி’ என்று நீதிமன்றம் ஏற்குமா என்பது வழக்கறிஞர் வாதாட வேண்டிய கேள்வி. நீங்கள் செய்ய வேண்டியது, அவற்றைப் பட்டியலில் எழுதிவிட்டு விலக்குக் கோருவது மட்டுமே.

வீட்டுப் பங்கை உங்கள் பெயருக்கு மாற்றும் யோசனைக்கு வருகிறேன். விலை பெறாமல் எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் தேதியிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் மனு போடப்பட்டு ஆணை பிறந்தால், 53-ஆவது பிரிவின்படி அதை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு பளிச்சென்று தெரியும் என்பதால் எந்தக் கடன்காரரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பங்கீட்டுக்கு உரிய சொத்தைக் குறைக்கும் கெட்ட நோக்கத்தோடு அதை மறைப்பதோ கைமாற்றுவதோ 69-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன்பட்டது குற்றமாகாது, சகோதரி. அதைக் குற்றமாக மாற்றிக்கொள்ளும் வழியைத்தான் உங்கள் உறவினர் காட்டியிருக்கிறார். ஏற்கெனவே ஏதேனும் எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் சீர் நகையும் உங்கள் பெயரில் நீங்களே வாங்கிய சொத்தும் கணவரின் சொத்தாகாது; அதற்கான ரசீதுகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஆனால் கணவரின் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் விடுவிக்கப்பட்டாலும் நீங்கள் விடுவிக்கப்பட மாட்டீர்கள். அத்தகைய கடன்களைப் பட்டியலில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு, உங்கள் நிலையைப் பற்றியும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். தறிக்கொட்டகையை அடமானமாகப் பெற்ற வங்கியும், நகையை ஈடாக வைத்திருக்கும் கடைக்காரரும் ஈட்டின் மீதான தங்கள் உரிமையை இந்த மனுவால் இழப்பதில்லை. திவால் மனு போட்டால் அந்த ஈட்டின் ஏலம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கைது மனுவைப் பற்றி நீங்கள் அஞ்சியிருப்பீர்கள். கடனைக் கட்ட இயலவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, நாணயக்கேடு எதுவும் இல்லாத ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் கணவர் கைது மனுவின் அறிவிப்பில் குறித்த நாளில் தவறாமல் ஆஜராகி, தம் வருமானத்தையும் கடன்களையும் ஆவணங்களோடு எடுத்துரைக்க வேண்டும். இப்போது நீங்கள் தயாரிக்கும் இரண்டு பட்டியல்களே அங்கும் பயன்படும். ஒருவேளை கைதானாலும், ஒரு மாதத்துக்குள் நொடிப்பு மனு தாக்கல் செய்வதாகச் சொல்லி ஜாமீன் கொடுத்தால் நீதிமன்றம் விடுவிக்க இடமுண்டு. மனுவைத் தாக்கல் செய்வதால் மட்டும் மற்ற வழக்குகள் தாமாக நின்றுவிடாது. மனு ஏற்கப்பட்ட ஆணையின் சான்றிட்ட நகலை, ஜப்தியும் ஏலமும் நடக்கும் நிறைவேற்று நீதிமன்றத்தில் உடனே தாக்கல் செய்ய வேண்டும். எனவே டிகிரியின் நகல், வழக்கு எண், நிறைவேற்று மனு எண் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள், மனுவிலேயே அவற்றைக் குறிப்பிட வேண்டும். முன்பு எப்போதாவது இப்படி மனு போட்டிருந்தால் அந்த விவரமும், சொத்து முழுவதையும் நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கத் தயார் என்ற உறுதிமொழியும் மனுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்த பின்பே உங்கள் கணவர் கையெழுத்திட வேண்டும். ‘வக்கீல் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்’ என்று குறுக்கு விசாரணையில் சொன்னவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொடித்தவர் என்று அறிவிக்கும் ஆணையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எத்தனை காலத்துக்குள் விடுவிப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்த ஆணையிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும், அந்தக் கெடுவைத் தவறவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகி அறிவிப்பே ரத்தாகலாம். நாட்காட்டியில் அந்தத் தேதியை எழுதி வையுங்கள். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை தீராது. சொத்து முழுவதையும் விற்றாலும் கடனில் ரூபாய்க்கு எட்டணா தேறாவிட்டால், அதற்குத் தாம் பொறுப்பல்ல என்று அவர் காட்ட வேண்டும். நூல் விலை ஏற்றத்தையும் கூலி பாக்கியையும் நிரூபிக்கும் தாள்கள் அன்றைக்குத்தான் அவரைக் காப்பாற்றும்.

வழக்கறிஞர் கட்டணம் பாரமாக இருந்தால், நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண் என்ற முறையில் உங்கள் சொந்த வழக்குகளுக்கு வருமான வரம்பு இல்லாமலேயே இலவச உதவி பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கணவரின் மனுவுக்கு அவருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள்.

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 46,000 ரூபாய். கிரெடிட் கார்டு, செயலி வழிக் கடன், தனிநபர் கடன் எனச் சம்பளத்தைப் போல முப்பது மடங்கு கடன் இருக்கிறது. புதிய திவால் சட்டத்தின் கீழ் ‘புதுத்தொடக்கம்’ என்ற முறையில் கடனை ரத்து செய்து தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். தரலாமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: தர வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் அப்படியொரு அத்தியாயம் எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் தனிநபர்களுக்கான அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்ற சம்பளதாரருக்கு அது திறக்கப்படவில்லை. திறக்கப்பட்டாலும், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாதவர்களுக்காகவே ‘புதுத்தொடக்கம்’ வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இன்றைக்கு உங்களுக்கு உரியது, சென்னை உயர் நீதிமன்றத்தில் 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் நொடிப்புச் சட்டத்தின்படி போடும் மனுவே. சொத்துகள் அங்கே அஃபிஷியல் அசைனி என்ற அலுவலரின் பொறுப்பில் போகும்.

மேலே சொன்ன இரண்டு பட்டியல்களே உங்களுக்கும் அடிப்படை. அவற்றோடு சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வருமான வரிக் கணக்கு, எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கை, ஒவ்வொரு கார்டின் மாதாந்திர அறிக்கை ஆகியவற்றைச் சேருங்கள். செயலி வழிக் கடன்களில் கடன் கொடுத்தது உண்மையில் எந்த நிறுவனம் என்பது ஒப்பந்தத்தில்தான் இருக்கும். செயலியின் பெயரை மட்டும் எழுதினால் அறிவிப்பு யாருக்கும் போய்ச் சேராது. கடனைத் திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்த பிறகும் புதிய கார்டுகளில் வாங்கிக் குவித்திருந்தால் விடுவிப்பின்போது அது எதிராக நிற்கும் என்பதால், இனி ஒரு ரூபாய்கூட அவற்றில் எடுக்காதீர்கள்.

ஆனால் மனுவுக்கு முன் ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். பண டிகிரிக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு பெறும். உங்கள் 46,000-இல் 31,000 ரூபாயைத் தொட முடியாது, 15,000 ரூபாய் வரைதான் எடுக்க முடியும். அந்த 15,000 ரூபாயை மாதந்தோறும் தர முன்வருவதாக வங்கிகளுக்கு எழுத்துமூலம் தெரிவித்து, லோக் அதாலத்தில் சமரசம் பேசுவது உங்கள் வேலைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

கேள்வி: தெரிந்தவர் ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் நான்கு லட்சம் ரூபாய் கொடுத்தேன். இப்போது அவருடைய வழக்கறிஞரிடமிருந்து ‘மஞ்சள் நோட்டீஸ்’ (திவால் அறிவிப்பு) வந்திருக்கிறது. என் பணம் போய்விட்டதா? (ஒரு வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: வழக்கறிஞர் அறிவிப்பு நீதிமன்ற ஆணை ஆகாது. கடன் செலுத்துவதை நிறுத்திவிட்டேன் என்று கடன்காரர்களுக்கு அறிவிப்பது, நொடிப்புச் செயல்களில் ஒன்றாகச் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து மூன்று மாதங்களுக்குள் நீங்களே அவர் மீது நொடிப்பு மனு போடவும் முடியும். அறிவிப்பு வந்த உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

அவரே மனு போட்டு, அது ஏற்கப்பட்டு, நொடித்தவர் என்ற ஆணையும் வந்தால், உங்கள் கடனைப் பிரமாண வாக்குமூலத்தின் மூலம் மெய்ப்பிக்க வேண்டும். அதைப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். அசல் புரோநோட்டு, பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, இதுவரை வந்த வட்டியின் கணக்கு ஆகியவை அதற்கு வேண்டும். வாங்கிய வட்டியைக் குறைத்துக் காட்டாதீர்கள், எதிர்த்தரப்பிலும் பதிவுகள் இருக்கும். அவருடைய சொத்தின் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பாருங்கள். சமீபத்தில் மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ ஏதேனும் மாறியிருந்தால், பத்திர எண்ணோடு ரிசீவரிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள். கடன் வாங்கியவர் உங்களுக்குக் காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால், அந்தக் குற்ற வழக்கு நொடிப்பு மனுவால் தானாக நின்றுவிடாது. வங்கியின் திரும்பல் குறிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு அனுப்பியாக வேண்டும் என்பதால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.